பொதுத்திரையும் கைத்திரையும்: கையடக்க விளையாட்டுக் கருவிகள் இரண்டாம் திரையாகப் பணியாற்றிய வரலாறு பற்றிய ஓர் ஆராய்ச்சி

1. விஷயமும் வினாவும்

தொலைக்காட்சிப் பெட்டியின் எதிரே நால்வர் கூடி அமர்ந்து ஒரே ஆட்டத்தை ஆடும்போது, அவர்களுக்கு ஆதிமுதலே ஒரு நிர்ப்பந்தம் இருந்துவந்தது: திரை ஒன்றே ஆகையால், அதில் தோன்றுவது எதுவாயினும் அனைவர் கண்ணிலும் பட்டே தீரும். சதுரங்கத்துக்கு இது ஒரு குறையாகாது; பலகைமேல் உள்ள காய்கள் யாவும் இருவருக்கும் பொதுவாகத் தெரிவதே அந்த ஆட்டத்தின் அழகு. சீட்டாட்டத்துக்கோ இது நாசம். கையில் விரித்துப் பிடித்திருக்கும் சீட்டுகளை எதிரில் இருப்பவர் ஒருமுறை பார்த்துவிட்டாரானால், ஆட்டத்தைக் கலைத்துவிட்டு மறுபடியும் சீட்டுப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. தொலைக்காட்சியை அண்டி வளர்ந்த விளையாட்டுகள், 1970களின் தொடக்கத்தில் பிறந்த நாள்முதல் ஏறக்குறையக் கால் நூற்றாண்டுக் காலம், பெரும்பாலும் சதுரங்கத்தின் இனமாகவே இருந்தன; சீட்டின் இனத்தில் சேர வேண்டுமென்று அவை விரும்பியிருந்தாலும், ரகசியத்தை வைத்துக்கொள்ள ஆட்டக்காரர் கையில் ஓர் இடம் இல்லை.

அந்த இடத்தை உண்டாக்கித் தர முயன்ற ஒரு முயற்சியைப் பற்றியதே இந்தக் கட்டுரை. சட்டைப்பையில் வைத்து எடுத்துச் செல்லத்தக்க விளையாட்டுக் கருவியை வீட்டுக் கன்சோலோடு பிணைத்து, அதையே கன்ட்ரோலராகவும் அதன் சிறு திரையையே தனித்திரையாகவும் பிரயோகிக்கும் யுக்தி, 1998ஆம் ஆண்டில் சேகாவின் டிரீம்காஸ்ட் கன்சோலோடு உருப்பெற்று, 2001க்கும் 2004க்கும் இடையில் நின்டெண்டோவின் கேம்கியூப், கேம் பாய் அட்வான்ஸ் ஆகிய இரண்டின் இணைப்பால் உச்சம் எய்தி, பின்னர் மங்கிப்போயிற்று. அது மங்கியது ஏன் என்பது பலரும் கேட்ட வினா. மங்குவதற்குமுன் அது தந்தது என்ன என்பது அதற்கு முந்தைய வினா. அதற்கு விடை காணாமல் மற்றதற்கு விடை சொல்வது, நோயின் பெயர் தெரியாமல் மருந்து எழுதுவதற்கு ஒப்பாகும்.

2. நிலவிவரும் விளக்கங்கள்

இந்த யுக்தி நிலைபெறாமைக்குப் பொதுவாக மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, செலவு. 2003ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜப்பானில் வெளியான ‘ஃபைனல் ஃபேன்டசி: கிரிஸ்டல் குரோனிக்கிள்ஸ்’ என்ற ஆட்டத்தை நால்வர் கூடி ஆட வேண்டுமானால், கன்சோலும் அதன் வட்டும் போக, நான்கு கேம் பாய் அட்வான்ஸும் நான்கு இணைப்புக் கேபிள்களும் வேண்டும். இவ்வளவையும் ஒரே அறையில், ஒரே மாலைப்பொழுதில் சேர்ப்பது சாமானியமான காரியமன்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கேம் பாய் அட்வான்ஸ் உலகெங்கும் 8 கோடியே 15 லட்சம் விற்றது. கேம்கியூபோ 2 கோடியே 17 லட்சம்தான். அதாவது, ஒரு கன்சோலுக்கு ஏறக்குறைய நான்கு கைக்கருவிகள் என்ற விகிதத்தில் உலகில் அவை ஏற்கெனவே இருந்தன. இவையெல்லாம் ஒரே வீட்டில் இருந்தன என்று இதனால் ஏற்படாது. ஆயினும் கருவிப் பஞ்சம் ஒன்றே காரணம் என்று சாதிப்பதற்கும் இது இடந்தரவில்லை. 2012இல் வந்த நின்டெண்டோவின் வீ யூ கன்சோலோ, கேம்பேடு என்ற கன்ட்ரோலரில் இரண்டாம் திரையைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தது. தனியே வாங்கவேண்டிய செலவு என்ற தடை அங்கே அறவே நீங்கியிருந்தும், அந்தக் கன்சோல் 1 கோடியே 35 லட்சத்துச் சொச்சத்தோடு நின்றுபோயிற்று.

இரண்டாவது, கைபேசியின் வருகை. தொடுதிரைக் கைபேசி எல்லாரிடமும் வந்துவிட்டதால் தனிக் கருவிக்கு அவசியம் இல்லாமற்போயிற்று என்பர். காலக்கணக்கு இதற்கு ஒத்துவரவில்லை. ஐபோன் வந்தது 2007இல். கேம்கியூப் இணைப்பை ஆதாரமாகக் கொண்ட கடைசிப் பெரிய ஆட்டமாகிய ‘தி லெஜன்ட் ஆஃப் ஜெல்டா: ஃபோர் ஸ்வோர்ட்ஸ் அட்வென்ச்சர்ஸ்’ வெளிவந்தது 2004இல். இடையிலிருந்த ஆண்டுகளில் இந்த எண்ணம் சோர்ந்துகிடந்ததற்குக் கைபேசியைக் குற்றம்சாட்ட இயலாது. அன்றியும், கைபேசி இந்த எண்ணத்தை அழிக்கவில்லை, உயிர்ப்பித்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

மூன்றாவது, பார்வை பிளவுபடுதல். தூரத்திலுள்ள பெரிய திரையையும் மடிமேலுள்ள சிறிய திரையையும் மாறிமாறிப் பார்ப்பதில் கண்ணும் கருத்தும் களைத்துப்போகின்றன என்ற இந்த வாதம், மூன்றிலும் சாரமுள்ளது. எனினும், சீட்டாடுகிறவர் கைச்சீட்டையும் தரையில் விழுந்த சீட்டையும் மாறிமாறிப் பார்த்தே விடியும்வரை ஆடுகிறார். கண் நோகிறதென்று அவர் எழுந்து போனதாகக் காணோம். ஆகையால், பார்வையைத் திருப்புவது எப்போதும் பாரமாவதில்லை. திரும்பிப் பார்த்ததற்குத் தக்க பலன் கிடைக்காதபோதுதான் அது பாரமாகிறது. இந்த மூன்றாம் காரணம் நம்மைப் பழைய இடத்திற்கே கொண்டுவந்து விடுகிறது: கைத்திரை தந்த பலன் என்ன?

3. சாதனத்தின் அமைப்பும் அதன் விளைவுகளும்

விடை காணுமுன், கருவியின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம்; ஏனெனில், யார் எதை அறியலாம் என்ற ஏற்பாடு இங்கே பெரும்பாலும் கம்பியையும் சில்லையும் சார்ந்தே அமைந்தது.

டிரீம்காஸ்டின் சிறு துணைக்கருவி, விஎம்யூ என்று அழைக்கப்பட்டது. ஆட்டத்தின் நிலையைச் சேமித்துவைக்கும் மெமரி கார்டுதான் அது. ஆனால் 48க்கு 32 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரையும், தனக்கெனப் பட்டன்களும், இரண்டு வட்டப் பேட்டரிகளும் அதற்கு இருந்தன. கன்ட்ரோலரில் செருகினால், அதிலுள்ள ஜன்னல் போன்ற திறப்பின் வழியே அந்தச் சிறு திரை ஆடுகிறவருக்குத் தெரியும். கழற்றி எடுத்தால் அதுவே ஒரு குட்டி விளையாட்டுக் கருவி.

கேம் பாய் அட்வான்ஸ் இதைவிடப் பன்மடங்கு ஆற்றல் உடையது. 240க்கு 160 புள்ளிகள் கொண்ட வண்ணத்திரையும், 32 பிட் புராசசரும் அதற்கு இருந்தன. இங்கே நாம் கவனிக்கவேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. கார்ட்ரிட்ஜ் ஏதும் செருகாமல் அதை கேம்கியூபோடு இணைத்தால், கன்சோல் கேபிள் வழியே 256 கிலோபைட்டுக்குட்பட்ட ஒரு சிறு புரோகிராமை அதற்கு அனுப்பிவைக்கும். அதன்பின், படத்தைக் கன்சோல் அனுப்புவதில்லை. ‘இன்ன இடத்தில் இன்ன பொருள்’ என்ற சுருக்கமான செய்திகளை மாத்திரமே அனுப்பும். படத்தைக் கைக்கருவி தானே வரைந்துகொள்ளும். ஒவ்வொரு கையிலும் ஒரு மூளை இருந்தமையால், நான்கு கைகளில் நான்கு வெவ்வேறு படங்களைக் காட்டுவது கன்சோலுக்குச் சுமையாக இல்லை.

வீ யூவின் கேம்பேடு இதற்கு நேர்மாறான சித்தாந்தத்தில் அமைந்தது. அதன் 6.2 அங்குலத் திரை பார்வைக்கு மிகச் சிறப்பானது. ஆனால் அது தானாக எதையும் வரைவதில்லை. தொலைக்காட்சிக்குரிய படத்தையும் கேம்பேடுக்குரிய படத்தையும் கன்சோலே வரைந்து, பின்னதைச் சுருக்கி, கம்பியில்லாமல் அனுப்பியது. ஒவ்வொரு கூடுதல் திரையும் கன்சோலுக்குக் கூடுதல் பாரம். ஆகவே நடைமுறையில், கன்சோலுக்கு ஒரு கேம்பேடு என்றே ஆயிற்று. பழைய ஏற்பாட்டில் நால்வருக்கு நான்கு ரகசியங்கள் இருக்க முடிந்தது; புதிய ஏற்பாட்டில் எத்தனை பேர் கூடினாலும் ரகசியம் ஒன்றுதான்.

பழைய கருவிக்கும் குறைகள் இல்லாமலில்லை. அதில் ஸ்டிக் கிடையாது. திசைப் பட்டனும், ஏ, பி என்ற இரண்டும், தோள்களில் எல், ஆர் என்ற இரண்டுமே பெரும்பாலும் கைக்கு அகப்படும். எனவே அதைக் கன்ட்ரோலராகக் கொள்ளும் ஆட்டம் அந்தச் சில பட்டன்களுக்குள் தன்னைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. மேலே குறித்த இரண்டு பெரிய ஆட்டங்களும் மேலிருந்து நோக்கும் காட்சியை மேற்கொண்டன. கிரிஸ்டல் குரோனிக்கிள்ஸில் தாக்குதல், தற்காப்பு, மந்திரம் என்று எல், ஆர் பட்டன்களால் தேர்ந்துவைத்துக்கொண்டு, ஏ பட்டனால் பிரயோகிக்கும் முறை அமைந்தது. மேலும் 2001இல் வந்த முதல் கருவியின் திரைக்கு விளக்கு இல்லை. அதைப் பார்க்க அறையில் வெளிச்சம் வேண்டும். தொலைக்காட்சி சோபிக்கவோ அறை சற்று மங்கலாய் இருக்க வேண்டும். விளக்கைப் போட்டால் பொதுத்திரை வெளுக்கும். அணைத்தால் கைத்திரை இருளும். 2003இல் வந்த எஸ்பி என்னும் மடக்குக் கருவி தன் விளக்கைத் தானே கொண்டுவந்தபின்பே இந்தச் சங்கடம் தீர்ந்தது.

4. மூன்று வகைப் பயன்கள்

கைத்திரைக்கு ஆட்ட ஆசிரியர்கள் கொடுத்த வேலைகளைத் தொகுத்துப் பார்த்தால், அவை மூன்று வகையில் அடங்குகின்றன.

ஒன்று, கருவிப்பலகை. வரைபடம், மூட்டையிலுள்ள பொருள்கள், உடல்நிலை முதலியவற்றைப் பெரிய திரையிலிருந்து இறக்கிச் சிறிய திரையில் வைப்பது. டிரீம்காஸ்டில் ‘ரெசிடென்ட் ஈவில்: கோட் வெரோனிகா’ பாத்திரத்தின் உடல்நிலையை விஎம்யூவில் காட்டியது இவ்வகை, 2006இல் சோனி ஒரு கார்ப் பந்தய ஆட்டத்துக்கு தன் பிஎஸ்பி கைக்கருவியைப் பின்னோக்குக் கண்ணாடியாக வைத்துக் காட்டியதும் இவ்வகையே.

இரண்டு, மாற்றுத்திரை. தொலைக்காட்சியில் வேறொருவர் வேறொன்றைப் பார்க்கும்போது, முழு ஆட்டமும் கைக்கு வந்துவிடுவது. சோனியின் பிஎஸ்4 கன்சோல் ஆட்டங்களைக் கையடக்க வீட்டா கருவியில் ஆடவைத்த ரிமோட் ப்ளேயும், அதற்கென்றே 2023இல் வந்த பிளேஸ்டேஷன் போர்ட்டலும் இதற்கு உதாரணம். இது மிகவும் வசதியானது. ஆயினும் இங்கே உண்மையில் திரை ஒன்றே. அது இடம்மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்று, ரகசியத்திரை. கூடியிருப்பவரில் ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியக்கூடாத நிலை. டிரீம்காஸ்டில் 1999இல் வந்த ‘என்எஃப்எல் 2கே’ இதற்கு ஆதி உதாரணங்களுள் ஒன்று. அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு நகர்வுக்குமுன்னும் இரு தரப்பும் தத்தம் வியூகத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒரே தொலைக்காட்சியில் இருவரும் தேர்ந்தால், வியூகம் என்ற சொல்லுக்கே அர்த்தமில்லை. வியூகத் தேர்வை விஎம்யூவின் சிறுதிரைக்கு இறக்கியதால், பக்கத்தில் அமர்ந்திருக்கும் நண்பனிடமிருந்தும் அதை மறைக்க முடிந்தது. அந்தத் திரை தபால் தலையைவிடச் சற்றே பெரிது. அது செய்த காரியமோ பெரிய திரையால் செய்யவே முடியாதது.

முதல் வகையின் வேலையை, ஒரு பட்டனை அழுத்திப் பெரிய திரையிலேயே பட்டியலைத் திறந்து செய்துகொள்ளலாம். இரண்டாம் வகையின் வேலையை, வீட்டில் இன்னொரு தொலைக்காட்சி இருந்தால் அது செய்துவிடும். மூன்றாம் வகையின் வேலைக்கு மாத்திரமே பிரதிநிதி கிடையாது. கைத்திரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

5. இரண்டு சாட்சிகள்

‘பேக்-மேன் வெர்சஸ்’ என்பது ஷிகெரு மியாமோட்டோ வடிவமைத்து, 2003இல் நாம்கோ வெளியிட்ட ஒரு சிற்றாட்டம். அதற்கு வேண்டியது ஒரு கைக்கருவியும் ஒரு கேபிளும் மாத்திரமே. கைக்கருவியைப் பிடித்தவர் பேக்-மேன். பழைய ஆட்டத்தில் உள்ளதுபோலவே புதிர்ப்பாதை முழுவதும் அவர் கைத்திரையில் விரிந்திருக்கும். மற்ற மூவரும் பேய்கள். தொலைக்காட்சியில் அவரவர் பேயைச் சுற்றியுள்ள சிறிது தூரம் மட்டுமே அவர்களுக்குத் தெரியும். பழம் ஒன்றைத் தின்ற பேய்க்குப் பார்வை சற்று விரியும். இதனால் நேர்வது யாதெனில், பேய்கள் மூவரும் வாய்விட்டுப் பேசியே தீரவேண்டியவர்களாகிறார்கள்: ‘என் பக்கம் வந்தான்’, ‘நீ கீழே மடக்கு’ என்ற கூச்சல் அறையை நிறைக்கிறது. கைக்கருவிக்காரரோ, அவர்கள் பேசுவதனைத்தையும் கேட்டுக்கொண்டு, தாம் மட்டும் வாய்திறவாமல், முகத்தில் எதையும் காட்டாமல் இருக்க வேண்டும். அவரைப் பிடித்த பேய், அடுத்த சுற்றில் பேக்-மேன் ஆகிறது, கைக்கருவி கைமாறுகிறது. முழுப் பாதையையும் கண்டவர் குருடராகிறார், கூச்சலிட்டவர் மௌனியாகிறார்.

கிரிஸ்டல் குரோனிக்கிள்ஸின் ஏற்பாடு இன்னும் நுட்பமானது. நச்சுமூட்டம் சூழ்ந்த ஓர் உலகில், பிரயாணிகள் ஒரு கலசத்தோடு செல்கிறார்கள். கலசத்தைச் சுற்றியுள்ள வட்டத்துக்குள் மாத்திரமே மூச்சுவிட முடியும். அதை ஒருவர் சுமக்க வேண்டும், சுமப்பவரால் சண்டையிட முடியாது. நால்வரும் வட்டத்துக்குள் ஒட்டியிருக்க வேண்டியதாயினும், அவர்கள் கைத்திரைகள் ஒன்றுபோல் இல்லை. ஒருவருக்கு வழி தெரியும், ஒருவருக்குப் பகைவர் இருக்குமிடம் தெரியும், ஒருவருக்குப் புதையல் தெரியும். ஆகவே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். இதற்குமேல் ஒரு திருப்பமும் உண்டு: ஒவ்வொரு பயணத் தொடக்கத்திலும் ஒவ்வொருவருக்கும் அவரவர் திரையில் ஒரு தனி நிபந்தனை காட்டப்படும். மந்திரத்தைப் பயன்படுத்தாதே என்று ஒருவருக்கு இருக்கலாம்; பணத்தைப் பொறுக்கிச் சேர் என்று மற்றொருவருக்கு இருக்கலாம். முடிவில் அதிகப் புள்ளி பெற்றவருக்கே வெகுமதிப் பொருளை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை. தோழர் ஒருவர் அபாயமான தருணத்தில் ஏன் மந்திரம் சொல்லாமல் சும்மா நிற்கிறார் என்று மற்றவர் திகைப்பதும், பிறகு காரணத்தை ஊகித்துச் சிரிப்பதும் அந்த ஆட்டத்தின் மெய்யான சம்பவங்கள். ஒருவரையொருவர் நம்பியே உயிர்வாழ வேண்டிய கூட்டத்தில், ஒவ்வொருவருக்கும் ஓர் அந்தரங்கம்: குடும்பம், கிராமம் முதலிய எந்தக் கூட்டு வாழ்க்கைக்கும் இதைவிடப் பொருத்தமான ஒரு சிறுவடிவத்தை விளையாட்டில் நான் கண்டதில்லை.

6. எதிர்வழக்கு: வீ யூ

ரகசியமே உயிரென்றால், பெட்டியிலேயே கைத்திரையோடு வந்த வீ யூ ஏன் தோற்றது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் கன்சோலோடு வந்த ‘நின்டெண்டோ லேண்ட்’ தொகுப்பில், மியாமோட்டோவின் பழைய எண்ணத்தின் சந்ததியை அப்பட்டமாகக் காணலாம். ‘லூயிஜீஸ் கோஸ்ட் மேன்ஷன்’ என்ற ஆட்டத்தில், பேயாக இருப்பவர் தம் கேம்பேடில் எல்லாவற்றையும் காண்பார். மற்றவர் கண்ணுக்குப் பேய் தெரியாது. அது நெருங்கும்போது கையிலுள்ள ரிமோட் அதிர்வதே அவர்களுக்குக் கிடைக்கும் முக்கிய எச்சரிக்கை. ஆடியவர் யாரும் அதைக் குறைகூற மாட்டார்கள்.

ஆனால் இவ்வகை ஆட்டங்கள் அந்தக் கன்சோலில் சிறுபான்மையாகவே நின்றன. பெரும்பாலானவை கேம்பேடை வரைபடத்துக்கும் மூட்டைக்கும் உரிய கருவிப்பலகையாகவோ, தொலைக்காட்சிக்கு மாற்றாகவோதான் கொண்டன. தனியாக ஆடுகிறவருக்கு ரகசியம் என்பதே இல்லை. தன்னிடமிருந்து தானே எதை மறைப்பது? அவரிடம் பார்வையைப் பிளக்கும்படி கேட்டபோது, அதற்கு ஈடாகக் கிடைத்தது சிறிது வசதியே. ஆகவே வீ யூவின் தோல்வி நம் கருத்தை மறுக்கவில்லை. செலவென்ற தடையை நீக்கியபின்னும், தகுந்த பயனில்லாவிட்டால் கைத்திரை நிலைக்காது என்பதை அது பரீட்சித்துக் காட்டியது.

7. மறுபதிப்புகள் சொல்லும் செய்தி

ஒரு பொருளின் சாரம் எதுவென்று அறிய, அதை வேறிடத்தில் நட்டுப்பார்க்கும் பரிசோதனை உதவும். ‘ஜெல்டா: தி விண்ட் வேக்கர்’ ஆட்டத்தில், கைக்கருவியால் இயக்கப்படும் டிங்கிள் டியூனர் என்ற துணைச்சாதனம் இருந்தது, 2013இல் வீ யூவுக்கு அது மறுபதிப்பானபோது அந்தச் சாதனம் நீக்கப்பட்டது, ஆட்டமோ சேதமில்லாமல் நின்றது. அங்கே கைத்திரை ஓர் ஒட்டுக்கிளை. வெட்டினாலும் மரம் வாழும். கிரிஸ்டல் குரோனிக்கிள்ஸ் 2020இல் மறுபதிப்பானபோதோ, ஒரே அறையில் கூடி ஆடும் வசதி இல்லாமல், இணையவழியே சேர்ந்தாடும் ஆட்டமாக வந்தது. கலசம் இருந்தது, நச்சுமூட்டம் இருந்தது. பக்கத்தில் அமர்ந்து, திரையை மார்போடு அணைத்து மறைத்துக்கொண்டிருக்கும் தோழர் இல்லை. அந்த ஆட்டத்தின் வேரே கைத்திரை என்பது, அது இல்லாதபோதுதான் பிரத்தியட்சமாயிற்று.

பேக்-மேன் வெர்சஸ் 2007இல் நின்டெண்டோவின் டிஎஸ் என்ற கைக்கருவிக்கு வந்தபோது இன்னொரு பாடம் கிடைத்தது. அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கருவி. ரகசியம் தப்பியது, ஆனால் எல்லாரும் நிமிர்ந்து நோக்கும் பொதுத்திரை போயிற்று. 2017இல் ஸ்விட்ச் கன்சோலில், ஒன்று பொதுவுக்கும் ஒன்று பேக்-மேனுக்குமாக இரண்டு கருவிகளை வைத்து, பழைய அமைப்பு மீட்கப்பட்டது. ரகசியத்துக்குச் சுவையளிப்பது அதன் அருகிலேயே இருக்கும் பொதுமை. இரண்டில் எது குறைந்தாலும் ஆட்டம் சப்பிட்டுப்போகிறது.

கைபேசியின் சாட்சியமும் இதற்கு அனுகூலமானதே. 2014இல் தொடங்கிய ‘ஜாக்பாக்ஸ் பார்ட்டி பேக்’ தொகுப்புகளில், தொலைக்காட்சியில் தோன்றும் நான்கெழுத்துக் குறியீட்டைத் தம் கைபேசியில் இட்டு யாரும் சேர்ந்துகொள்ளலாம். பொய்விடை புனைவதும், படம் வரைவதும் அவரவர் கைக்குள் ரகசியமாக நடக்கும். பின்னர் எல்லாம் பொதுத்திரையில் அம்பலமாகும். அங்கே கைத்திரை வரைபடம் காட்டவில்லை, மூட்டையைச் சுமக்கவில்லை, அந்தரங்கத்தைக் காத்தது. செலவென்ற தடை நீங்கி, ரகசியமென்ற பயனும் கூடியபோது, அந்தப் பழைய எண்ணம் எளிதாகவே மக்களிடம் சென்று சேர்ந்தது.

8. முடிபு

ஆகவே, செலவும் கேபிளும் கண்களைப்பும் மெய்யான தடைகளே ஆயினும், அவை இரண்டாம் நிலைக் காரணங்கள் என்று கொள்வதே பொருத்தம். கைத்திரை வாழ்ந்த இடங்களிலெல்லாம் அது, கூடியிருப்பவர்களிடையே அறிவைச் சமமின்றிப் பங்கிட்டது. மங்கிய இடங்களிலெல்லாம், அது ஒரு வசதியாக மாத்திரமே இருந்தது. அடுத்த தலைமுறைக் கருவிகளை அமைப்பவர்கள், கைத்திரையில் எதை வைக்கலாம் என்று யோசிப்பதற்குமுன், இதை யார் பார்க்கக்கூடாது என்ற வினாவை எழுப்பிக்கொள்வார்களானால், பாதி வேலை முடிந்துவிடும். அதற்கு விடை ‘யாருமில்லை’ என்று வருமாயின், அந்தப் பொருளைப் பெரிய திரையிலேயே விட்டுவிடலாம். ‘பக்கத்தில் அமர்ந்திருப்பவர்’ என்று வருமாயின், அதைக் கையில் கொடுத்து, கையைச் சற்றே மறைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம்.